காது கேளாத பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

தென்காசி அம்மா:
மகனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தோம். இப்போது நன்றாகப் பேசுகிறான். பாளையங்கோட்டையில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் காதுகேளாதோர் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசில்லை. சைகையே போதும் என்று இருந்துவிட்டால் பேச்சு போய்விடும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் எல்லாரோடும் சேர்ந்து படிக்கும் உரிமையைத் தருகிறதே!

கைமொழி:
அக்கா, சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, 17ஆம் பிரிவைப் பாருங்கள். உங்கள் தெருப் பள்ளியில் அப்படி ஒருவராவது உண்டா? நான் எட்டாவது வரை பொதுப் பள்ளியில்தான் படித்தேன். முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், சரி. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் எனக்குப் பாடம் அத்தோடு நின்றுவிடும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவேன். கையெழுத்து அழகு என்று பாராட்டுவார்கள், எழுதியது என்னவென்று எனக்குத் தெரியாது. அப்புறம் காதுகேளாதோர் பள்ளி விடுதிக்குப் போனேன். அண்ணன்மார் என் புருவத் தழும்பை வைத்து ஒரு சைகைப் பெயர் கொடுத்தார்கள். இன்றும் நண்பர்களுக்கு நான் அந்தப் பெயர்தான். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதே அங்கேதான்.

மதுரைக்காரி:
தம்பி, உங்களுக்கு நல்ல பள்ளி வாய்த்தது. நானும் காதுகேளாதோர் பள்ளிதான், வேறு மாவட்டம். விடுதியில் சைகை, வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு 'வாயைப் பார், பேசு'. 1880இல் மிலானில் நடந்த காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிடப் பேசவைத்துச் சொல்லித்தரும் பேச்சுமுறைதான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. 2010இல் வான்கூவர் மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது, அதற்குள் எத்தனை தலைமுறை போய்விட்டது! உச்சரிப்புக்கே நேரம் சரியாக இருந்தது, கணக்கும் அறிவியலும் பாதிப் பாடம். தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத இன்றும் திணறுகிறேன். காதுகேளாதோர் பள்ளி என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

தென்காசி அம்மா:
அதனால்தான் சொல்கிறேன், பேச்சு வேண்டும். வேலைக்குப் போகும் இடத்தில் சைகை யாருக்குத் தெரியும்?

கைமொழி:
பேசட்டும் அக்கா, நானும் பேசுவேன். ஆனால் குளிக்கும்போது காதில் வெளியே மாட்டும் மிஷினைக் கழற்றுவான், தூங்கும்போது கழற்றுவான், பேட்டரி தீரும். அப்போது அவனிடம் எப்படிப் பேசுவீர்கள்? சைகை பேச்சைக் கெடுக்காது. வீட்டில் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

தென்காசி அம்மா:
வீட்டில் கற்றுக்கொள்கிறேன் தம்பி, அது நியாயம். ஆறு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப மட்டும் என்னால் முடியாது.