உப்புநீர் டிரம்மில் வெள்ளைப் படிவு, ஆல்கலினிட்டி இறங்குகிறது: உதவி தேவை

பவளமொட்டு (சென்னை):
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. ஒரு ஜோடி கிளவுன் மீன், கொஞ்சம் சோவாந்தஸ் (பூ போல விரியும், பவளத்துக்கு உறவான உயிரி), ஒரு ஹேமர் பவளம். வாரம் 30 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். மூன்று வாரத்துக்குச் சேர்த்து 100 லிட்டர் நீல டிரம்மில் மீன்தொட்டிக்கான கடல் உப்பு கலந்து பால்கனியில் வைத்திருக்கிறேன். உள்ளே பவர்ஹெட் (தண்ணீரைக் கலக்கும் சிறு மோட்டார்) நாள் முழுக்க ஓடுகிறது.

இந்த முறை டிரம்மின் அடியிலும் பவர்ஹெட் மேலும் வெள்ளையாக மாவு போலப் படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் நறநறவென்கிறது. உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) சரியாகவே காட்டுகிறது. கால்சியமும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் ஆல்கலினிட்டி (முக்கியமாகத் தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகளின் அளவு; அலகு டிகேஹெச்) 8.5 இருக்க வேண்டிய தண்ணீர் 6 காட்டுகிறது. தொட்டியிலும் 6.8க்கு வந்துவிட்டது. சோவாந்தஸ் இரண்டு நாளாக விரியவே இல்லை. மனசு கேட்கவில்லை. உப்புப் பை கெட்டுவிட்டதா?

உப்புக்காற்று (தூத்துக்குடி):
தம்பி, பையைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். முதலில் எதைப் போட்டீர்கள், தண்ணீரையா உப்பையா? அந்த வெள்ளைத் தூளில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

பவளமொட்டு:
அண்ணா, நுரைத்துப் பொங்குகிறது! உப்பைத்தான் முதலில் போட்டேன். வீட்டு ஆர்ஓ மணிக்கு 10, 12 லிட்டர்தான் தரும். அதனால் இரவில் 3.7 கிலோ உப்பை டிரம்மில் கொட்டி, ஆர்ஓ குழாயை அதற்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நிரம்பியிருந்தது.

உப்புக்காற்று:
அதுதான் காரணம். பொங்கினால் அது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு. முதல் சில மணி நேரம் அந்த உப்பு கொஞ்சம் தண்ணீரில் கெட்டியான கரைசலாகக் கிடந்திருக்கும். அந்த அடர்த்தியில் கடல் உப்பிலுள்ள கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து படிந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் திரும்பக் கரையாது. 2.5 டிகேஹெச் இறங்கும்போது கால்சியம் 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் 18 பங்கு) அளவுக்குத்தான் குறையும். டெஸ்ட் கிட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் குழம்பியிருக்கிறீர்கள்.

பால்கனி வெயிலும் சேர்ந்துகொண்டது. உப்பும் சர்க்கரையும் சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு: சூடு ஏற ஏறப் படியும். பவர்ஹெட் மூன்று வாரம் ஓயாமல் ஓட வேண்டியதும் இல்லை. கலக்கிக் கரைந்து தெளிந்ததும் நிறுத்தி, மூடி போட்டு நிழலில் வையுங்கள். மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்.

அடுத்த முறை டிரம் முழுக்க நிரம்பட்டும். பவர்ஹெட்டைப் போட்டுவிட்டு, உப்பைக் கை கையாகத் தூவுங்கள், ஒரு கை கரைந்த பிறகு அடுத்தது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

நீலத்தொட்டி (கோவை):
இன்னொன்று. குடிநீர் ஆர்ஓவில் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) கன்ட்ரோலர் இருந்தால் வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்து விடும். டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 50, 60 காட்டினால் பின்னால் ஒரு டிஐ ஃபில்டர் (மிச்சமிருக்கும் கரைந்த உப்புகளை நீக்குவது) போடுவது நல்லது. டிரம்மில் பித்தளைக் குழாய் வைத்திருந்தால் கழற்றி பிளாஸ்டிக் போடுங்கள். பித்தளையில் உள்ள செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம்.

பவளமொட்டு:
குழாய் பிளாஸ்டிக்தான். டிடிஎஸ் 55! மீதி 40 லிட்டரைக் கொட்டிவிடவா?

உப்புக்காற்று:
கொட்ட வேண்டாம். படிவைக் கலக்காமல் மேல் தண்ணீரை வேறு வாளிக்கு எடுங்கள். 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பசோடா 1 டிகேஹெச் ஏற்றும். உங்கள் 40 லிட்டருக்கு 2.5 ஏற்ற 3 கிராம் போதும். பேக்கிங் பவுடர் கூடாது. தனியாக ஒரு டம்ளர் ஆர்ஓ நீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். தொட்டியை ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள், நாளுக்கு 1 டிகேஹெச் தாண்ட வேண்டாம்.

பவளமொட்டு (எட்டு நாள் கழித்து):
அண்ணா, டிரம் இப்போது ஹாலுக்குள் இருக்கிறது. தண்ணீரை நிரப்பிய பிறகுதான் உப்புத் தூவினேன், முக்கால் மணி நேரம் பிடித்தது. தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, அடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. புதுத் தண்ணீர் 8.4, தொட்டி 8. இன்று காலை விளக்கு போட்டு பத்து நிமிடத்தில் சோவாந்தஸ் எல்லாம் விரிந்துவிட்டன. டிஐ ஃபில்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன். ரொம்ப நன்றி இருவருக்கும்.