காலையில் ஜெபிக்கிறேன், 10 மணிக்குள் கத்திவிடுகிறேன்

கேள்வி (மூன்று பிள்ளைகளின் அம்மா)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மூத்தவனுக்கு 9 வயது, அடுத்தவளுக்கு 6, கடைக்குட்டிக்கு ஒன்றரை. நான்கு வருடமாக வீட்டில் நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் கணவரும் ஜெபித்து எடுத்த முடிவு இது. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. என்மேல்தான் சந்தேகம்.

நேற்று மூத்தவனுக்குக் கழித்தல் கணக்கு. 402-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். 376 என்று எழுதினான். நடுவில் பூஜ்யம் வந்தால் கடன் வாங்கத் தெரியாமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுகிறான். விளக்கினேன். மறுபடியும் 376. அதற்குள் சின்னவன் அழ, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தேன். அப்போதும் 376. "எத்தனை முறை சொல்வது? காதில் விழுகிறதா இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்தபடி அந்த 376-ஐ ரப்பரால் அழித்தான். எண் மறைந்த பிறகும் அழித்துக்கொண்டே இருந்தான். தாள் நைந்து, ஓட்டை விழுந்து, அடுத்த பக்கத்தின் கோடு தெரிந்தது.

இரவு குடும்ப ஜெபத்தில் அவன் முறை வந்தது. "ஆண்டவரே, அம்மாவுக்குக் கோபம் வராதபடி நான் கணக்கைச் சரியாகப் போட உதவி செய்யும்" என்றான். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

தினமும் 5 மணிக்கு எழுந்து அரை மணி நேரம் ஜெபிக்கிறேன். மனம் நிறைந்துதான் எழுகிறேன். 10 மணிக்கு அது இருந்த சுவடே தெரிவதில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு ஜெபித்தும் பார்த்தேன். "அமைதி தாரும், அமைதி தாரும்" என்று நான் கேட்க, வெளியே கதவைத் தட்டுகிறார்கள். கோபம் இன்னும் ஏறுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள்? என்ன வார்த்தைகள் சொல்கிறீர்கள்? தயவுசெய்து அதையே எழுதுங்கள்.

பதில் 1 (நான்கு பேரை வீட்டில் படிக்கவைத்தவள்)

மகளே, உன் பிள்ளையின் ஜெபத்தை வாசித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. முதலில் அவனிடம் போ. "என் கோபத்துக்கு உன் கணக்கு காரணம் இல்லை, என்னை மன்னித்துவிடு" என்று அவன் காது கேட்கச் சொல். சொல்லாமல் விட்டால், சரியான விடை எழுதினால்தான் தேவனும் முகம் மலர்வார் என்று அவன் மனதில் பதிந்துவிடும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 131-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள். மூன்றே வசனம். "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறார் தாவீது. பல வருடம் இதைத் தாலாட்டைப் போல வாசித்துக்கொண்டிருந்தேன். என் மூன்றாவது பிள்ளைக்குப் பால் மறக்கடித்த வாரத்தில்தான் அது விளங்கியது. முதல் இரவு என்ன பாடு! சட்டையைப் பிடித்து இழுக்கிறது, கால்களை உதைக்கிறது, தொண்டை கட்டும்வரை அழுகிறது. பத்து நாள் கழித்து அதே மடியில் வந்து உட்கார்ந்தது. பாலைத் தேடவில்லை. கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்துக்கொண்டு சும்மா சாய்ந்திருந்தது. தாவீது சொல்லும் அமைதி அந்த அழுகையையெல்லாம் தாண்டி வந்த அமைதி. உன் குளியலறை ஜெபம் முதல் இரவு அழுகை என்று நினைத்துக்கொள். அமைதி கிடைக்கவில்லை என்று மடியைவிட்டு இறங்கிவிடாதே.

வார்த்தைகளைக் கேட்டாய். நான் சொன்னது இதுதான்: "கர்த்தாவே, கோபமாக இருக்கிறேன். இவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று தோன்றுகிறது. இவன் பின்தங்கிவிட்டால் எல்லாரும் என்னைத்தான் குறை சொல்வார்கள் என்று பயமாக இருக்கிறது." அந்தக் கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து வர ஆறு வருடம் ஆனது. அது வெளியே வந்த அன்றுதான், நான் பிள்ளையின்மேல் காட்டியது பெரும்பாலும் என் பயம் என்று கண்டுகொண்டேன்.

இன்னொன்று. 5 மணிக்கு எழுகிறாய், எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? ஒன்றரை வயதுப் பிள்ளை இரவில் எத்தனை முறை எழுப்புகிறது? தீர்க்கதரிசியாகிய எலியா சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது, தூதன் வந்து கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்காகக் கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சில நாட்கள் 6 மணிக்கு எழு.

பதில் 2 (மாலையில் கணக்கு எடுக்கும் அப்பா)

சகோதரி, "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியர் 6:4 தகப்பன்மாரைப் பார்த்துத்தான் பேசுகிறது. வீட்டில் நடக்கும் கோபத்துக்கு நீங்கள் ஒருவர் மட்டும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. கணக்குப் பாடத்தை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

நெகேமியா 2:4-ஐயும் பாருங்கள். ராஜா கேள்வி கேட்கிறான். அவனுக்குப் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியா ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன் பல நாட்கள் உபவாசித்து மன்றாடியிருந்தான். உங்கள் காலை அரை மணி நேரம் வீண்போகவில்லை.

அந்த 402-க்கு ஒரு வழி: அதை 40 பத்துகளும் 2 ஒன்றுகளும் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பத்தை உடைத்தால் 39 பத்துகள், 12 ஒன்றுகள். 12-ல் 8 போனால் 4. 39-ல் 17 போனால் 22. விடை 224. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவன் கையாலேயே அவிழ்க்கவிடுங்கள். பூஜ்யத்திடம் கடன் கேட்கும் குழப்பமே வராது.

பதில் 3 (திருப்பாடல் விரும்பி)

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். நீங்கள் கேட்ட, அந்த நேரத்துச் சிறு செபத்தை எங்கள் வீட்டில் மனவல்லய செபம் என்போம். ஒரே வரி, நாள் முழுவதும். ஜான் காசியன் என்ற துறவி எகிப்தின் பாலைநிலத் துறவிகளிடம் கற்றதை 5-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். பசி, தூக்கமின்மை, கோபம் எது வந்தாலும் 70-ஆம் திருப்பாடலின், அதாவது சங்கீதத்தின், முதல் வரியைச் சொல்லச் சொல்கிறார். உங்கள் வேதாகமத்தில் அது "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்று இருக்கும். தாழ்ப்பாள் போட வேண்டாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சொல்லலாம்.

பதில் 4 (இரட்டையரின் தாய்)

பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியின் கதையை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 19 பிள்ளைகளைப் பெற்று, 9 பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்து, மற்றவர்களுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியவர். இடுப்பில் கட்டிய துணியால் தலையை மூடிக்கொண்டு ஜெபிப்பாராம். எனக்கு உதவியது அந்தத் துணி அல்ல, அவருடைய இன்னொரு பழக்கம். டென்மார்க் ராஜா தரங்கம்பாடிக்கு அனுப்பிய மிஷனரிகளைப் பற்றி வாசித்து மனம் அசைந்து, வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே பேசத் தொடங்கினார். 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். ஜானுக்கு வியாழக்கிழமை. கணக்கும் கையெழுத்தும் இல்லாத ஒரு அரை மணி நேரத்தை உங்கள் மூத்தவனுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

மீண்டும் மூன்று பிள்ளைகளின் அம்மா (ஐந்து நாட்களுக்குப் பிறகு)

அம்மா, அன்றிரவே அவன் படுக்கையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றான். சற்று நேரம் கழித்து, "அப்படியென்றால் தப்பாகப் போட்டால்?" என்று கேட்டான். "தப்பாகப் போட்டாலும் உன்மேல் கோபம் இல்லை" என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். நம்பினானா என்று தெரியவில்லை.

இந்த வாரம் கணக்கைக் கணவர் எடுக்கிறார். இன்று 503-லிருந்து 267. மேலே 49 என்றும் 13 என்றும் சின்னதாக எழுதிக்கொண்டு 236 என்று போட்டிருந்தான்.

நேற்று மகள் பால் டம்ளரைப் பாடநோட்டின்மேல் கவிழ்த்தபோது குரல் உயர்ந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, துணியைக் கையில் பிடித்தபடியே அந்த 70-ஆம் சங்கீத வரியைச் சத்தமாகச் சொன்னேன். கூடவே, "கர்த்தாவே, களைப்பாக இருக்கிறேன், இன்றைய பாடம் முடியாது என்று பயமாக இருக்கிறது" என்றும் சொன்னேன். கொதிப்பு உடனே அடங்கவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நானும் சொல்லட்டுமா?" என்றாள். இரண்டு பேரும் நோட்டைத் துடைத்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னோம்.