பாலைவனக் காட்டில் தண்ணீர்த் தொட்டி வைப்பது தவறா?

பென்னாகரத்துக்காரன்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில் பெருங்கொம்பு ஆடுகள் 2006-இல் சுமார் 390 ஆகக் குறைந்தன. 2007-இல் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் கட்டினார்கள். அதை எதிர்த்து வழக்கு வந்தது, தொட்டிகளின் அவசியத்தை நிர்வாகம் காட்டவில்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சித்திரை வெயிலில் ஒகேனக்கல் காட்டுத் தொட்டிகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோனவன் நான். வறண்ட தொட்டியைத் துழாவும் யானையைப் பார்த்தால் மனம் பதைக்கும். ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பதா குற்றம்?

தேன்கனிக்கோட்டை வாசகி: தொட்டியே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை, ஐயா. ஆடு வேட்டையை நிறுத்துவது, ஆடுகளை வேறு இடங்களுக்குப் பிடித்து அனுப்புவதை நிறுத்துவது போன்ற வழிகளை ஏன் ஆராயவில்லை என்றுதான் கேட்டது. அங்குள்ள 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் (Wilderness Act), இயற்கை மாறாமல் காக்க ஒதுக்கிய நிலங்களில் நிரந்தரக் கட்டுமானத்தையும் மோட்டார் வண்டியையும் பொதுவாகத் தடுக்கிறது. அந்த நிலத்தை நிர்வகிக்கக் குறைந்தபட்சம் அவசியம் என்றால்தான் விலக்கு.

பாலக்கோடு ஆசிரியர்: தொட்டி ஓரிடத்தில் இருந்தால் விலங்குகள் அங்கேயே கூடும், சுற்றியுள்ள செடி தேயும். திட்டத்தில் இதையும் எழுத வேண்டும்.

பென்னாகரத்துக்காரன்: வேட்டைக்கும் அனுமதி, தொட்டிக்கும் செலவா! அம்மா, அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் கோடையில் தொட்டியை வறண்டு கிடக்க விட என்னால் முடியாது.