மரத்தடிக்கு அடியில கெடக்க இந்தப் பூச்சியப் பத்தி தெரிஞ்சவுக சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, ஒரு சின்ன உதவி. அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்துல நம்ம தோப்புல ஒரு பழைய மாமரத்தடி ரெண்டு வருசமா மக்கிக் கெடக்கு, போன ஐப்பசி மழைக்கு அதப் பொரட்டுனா பட்டைக்கு அடியில சாம்பல் கலர்ல பூச்சி மொய்ச்சுக் கெடக்கு, சுண்டுவிரல் நகத்துல பாதிதான் இருக்கும், தொட்டா டக்குனு மொளகு கணக்கா உருண்டுக்கிடுது. மரவட்டைக் குட்டின்னு நெனச்சேன். ஆனா கால் 14 தான் (போட்டோவ பெருசாக்கி எண்ணுனது, நேர்ல எங்க எண்ண விடுது). தேடிப் பாத்தா நண்டு, இறாலுக்குச் சொந்தமாம், செவுள் மாதிரி உறுப்புலதான் மூச்சு விடுமாம், ஈரம் இல்லைன்னா செத்துருமாம். ஒண்ணு ரெண்டுக்கு வயித்துக்கு அடியில பையில முட்ட வெள்ளையா தெரிஞ்சுது.

இப்ப சித்திர வெயிலுக்கு அதே தடிக்கு அடியில ஒண்ணு கூட இல்ல. மண்ணுக்குள்ள எறங்கிருமா, வாய்க்கா ஓரமா போயிருமா? குத்தாலம், மாஞ்சோலை பக்கம் உள்ளவுக ஆனி ஆடி சாரல்லயே இது வெளிய வருதான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க. ஒங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னும் சொல்லுங்க. மருந்தடின்னு மட்டும் யாரும் வந்துராதீங்க, அது பாவம் மக்குன எலையத்தான் தின்னுக்கிட்டு கெடக்கு.