கார்னௌபா 82 டிகிரி: கிளீனர் வாக்ஸ் வாங்குகிறவர்கள் ஏமாளிகளா?

கடலோரக்காரன் (தூத்துக்குடி)

டயர் காற்று பற்றிப் பேசிக்கொண்டிருந்த இழையில் வேளச்சேரி வி6 போகிற போக்கில் கார் மெழுகு பற்றி ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "நம் ஊர் வெயிலுக்கு இந்த ஆல்-இன்-ஒன் கிளீனர் வாக்ஸ் எல்லாம் சரிப்படாது. அதில் இருக்கிற கார்னௌபா பதினைந்தே நாளில் உருகி வழிந்துவிடும். வாங்குகிறவர்கள் ஏமாளிகள்."

டயருக்கும் மெழுகுக்கும் என்ன சம்பந்தம் என்பதை விடுங்கள். ஏமாளி என்று சொன்னதால்தான் தனி இழை திறக்கிறேன். ஏனென்றால் வருஷக்கணக்காக அதை வாங்குகிற ஏமாளிகளில் நானும் ஒருவன்.

கார்னௌபா பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படிகிற மெழுகு. அங்கே அடிக்கிற வெயிலில் ஓலையின் ஈரம் போய்விடாமல் காப்பதே அதன் வேலை. உருகுநிலை 82 டிகிரியிலிருந்து 86 டிகிரி வரை. தூத்துக்குடியில் எந்த மே மாதத்திலும் 82 டிகிரி அடித்ததாக நான் கேள்விப்படவில்லை. வேளச்சேரி தனிக் கிரகமாக இருந்தால் தெரியாது.

என் வீட்டு மாடியிலிருந்து துறைமுகத்துக் கிரேன் தெரியும். காலையில் வண்டிக் கண்ணாடியில் விரலை இழுத்தால் உப்புப் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டு வரும். அங்கே நிற்கிற வண்டிக்கு அழுக்கெடுக்க ஒன்று, மினுக்க ஒன்று, காக்க ஒன்று என்று மூன்று டப்பா வாங்கி ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க எனக்கு மனமில்லை. ஒரே டப்பா போதும். உருகவும் இல்லை.

வேளச்சேரி வி6

ஆகா, எனக்காகத் தனி இழையா! மிக்க மகிழ்ச்சி சார்.

வானிலை அறிக்கையில் வருவது நிழலில் வைத்த வெப்பமானியின் அளவு. உங்கள் பானெட் நிழலிலா நிற்கிறது? போன ஏப்ரலில் மதியம் என் கறுப்பு வண்டியின் பானெட்டில், தொடாமலே சூட்டை அளக்கிற இன்ஃப்ராரெட் கன்னை வைத்துப் பார்த்தேன். 71 டிகிரி காட்டியது.

கடலோரக்காரன்

71, 82-ஐ விடச் சிறிய எண். ஆதாரம் கொடுத்ததற்கு நன்றி.

வேளச்சேரி வி6

82 என்பது சுத்தமான கார்னௌபாவுக்கு. சுத்தமான கார்னௌபா விரலால் அழுத்தினாலும் அமுங்காத கெட்டிக் கட்டி. அதை அப்படியே எடுத்து வண்டியில் தேய்க்க முடியாது. அதனால் கரைப்பான், சிலிகான் எண்ணெய், கூடவே பாரஃபின் மாதிரி மலிவான மெழுகு என்று எதையாவது கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகும். பாரஃபின் அதற்கும் முன்னாலேயே இளகிவிடும். டப்பாவில் இருக்கிற கலவைக்கு உங்கள் 82 எப்படிப் பொருந்தும்?

கடலோரக்காரன்

ஆக, கார்னௌபாவின் உருகுநிலை 82 என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். நீங்கள் எழுதியது "அதில் இருக்கும் கார்னௌபா உருகி வழிந்துவிடும்" என்று. பாரஃபின் வழியும் என்று எழுதவில்லை, தேன்மெழுகு வழியும் என்றும் எழுதவில்லை. கார்னௌபா. 82.

புதுஸ்டியரிங்

அண்ணன்மாரே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது எட்டு வருஷத்துச் சிவப்பு வண்டி, இரண்டாவது கை. கூரையும் பானெட்டும் மங்கிப்போயிருக்கின்றன. பாலிஷ் போடும் மெஷின் கிடையாது, கையால்தான் தேய்க்க வேண்டும். ஆல்-இன்-ஒன் வாங்கலாமா? வாங்கினால் எது?

பளபளப்பு (கோவை)

பதினைந்து நாளில் உருகும் என்பதும் தப்பு, 82 டிகிரி என்பதால் உருகவே உருகாது, அதனால் அப்படியே இருக்கும் என்பதும் தப்பு. மெழுகு போவது வெயிலில் வழிந்து இல்லை. கழுவிக் கழுவித்தான் போகிறது. வாட்ச்மேன் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டையோ சோப்புத்தூளையோ வாளியில் கொட்டி, தரை துடைத்த துணியால் வண்டியைத் துடைக்கிறார். அந்த வாளிக்கு எந்த மெழுகும் தாங்காது. நம் ஊரில் கார்னௌபா சில வாரம் நின்றால் நல்ல விஷயம். செயற்கை பாலிமர் சீலன்ட் கலந்தது என்றால் சில மாதம் வரும்.

அப்புறம், இதில் யாரும் பேசாத விஷயம். கிளீனர் வாக்ஸில் "கிளீனர்" என்று ஒன்று இருக்கிறது. சில டப்பாவில் அது வெறும் கரைப்பான், அழுக்கை மட்டும் எடுக்கும். சிலவற்றில் மிக நைசான தேய்ப்புத் துகள் இருக்கும், அது கிளியர் கோட்டின், அதாவது பெயின்டுக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சின், மேல்தோலைக் கொஞ்சம் சீவும். அந்தக் கிளியர் கோட்டே மொத்தம் 35 முதல் 50 மைக்ரான் தான். கையால் தேய்த்தால் பெரிதாக ஒன்றும் சீவாது. சின்னக் கீறல்களில் எண்ணெய் போய் அடைத்துக்கொள்ளும், வட்டக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், எல்லாக் கீறலும் திரும்பி வந்து வணக்கம் சொல்லும். சுவரைச் சுரண்டிக்கொண்டே சுண்ணாம்பும் அடிக்கிற வேலை இது, இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். என்னைக் கேட்டால் நன்றாக ஒருமுறை பாலிஷ் போட்டு, செராமிக் கோட்டிங் செய்துவிடுவது...

கடலோரக்காரன்

வந்துவிட்டது. செராமிக் வந்துவிட்டது. இவர் எந்த இழைக்கு வந்தாலும் பத்தாவது வரியில் செராமிக் வரும் என்று எனக்குத் தெரியும். கோவையில் கடை வைத்திருப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கலாமே.

இன்னொன்று. "82 டிகிரி என்பதால் அப்படியே இருக்கும்" என்று நான் எங்கே எழுதினேன்? உருகாது என்று எழுதினேன். உருகாது.

பளபளப்பு (கோவை)

கடை வைத்திருப்பதை என் பெயருக்குக் கீழே வெளிப்படையாகவே போட்டிருக்கிறேன் ஐயா. மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. டீசல் சேர்மானம் பற்றிய இழையில் யார் எதை மறைத்தார்கள் என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

கடலோரக்காரன்

டீசல் இழையை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பழைய பத்மினி

பிள்ளைகளா, சண்டை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தச் சிவப்பு வண்டிக்காரத் தம்பிக்கு ஒரு வார்த்தை. வெள்ளைத் துணியில் கொஞ்சம் வாக்ஸைத் தொட்டு, கண்ணில் படாத மூலையில் தேய்த்துப் பார். துணியில் சிவப்பு ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை, நேராக பெயின்ட்தான் என்று அர்த்தம். எங்கள் பத்மினி காலத்து வண்டிகளில் துணி கலராகத்தான் வரும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை, வெளுத்த மேல்தோல் போய் உள்ளே இருக்கிற நிறம் தெரியும். ஆனால் கிளியர் கோட் இருக்கிற வண்டியில் துணி கலராக வந்தால் உடனே நிறுத்திவிடு, எங்கேயோ கிளியர் கோட் தீர்ந்துபோயிருக்கிறது. கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த மாதிரி இருந்தால் எந்த வாக்ஸும் காப்பாற்றாது, பெயின்டர்தான்.

நாங்கள் அந்தக் காலத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்போம். வண்டி ஜொலிக்கும்.

வேளச்சேரி வி6

மண்ணெண்ணெயா! ஐயா, முதல் பாதியைக் கும்பிட்டுக்கொண்டே படித்தேன். அது கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கை எல்லாம் ஊற வைத்துக் கெடுத்துவிடும். மேலே நிற்கிற எண்ணெய்ப் படலத்தில் தூசி வேறு ஒட்டும், அடுத்த நாள் துடைக்கும்போது அதே தூசி கீறும்.

பழைய பத்மினி

என் பத்மினியின் பீடிங் நான் விற்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது தம்பி. உன் வண்டி பீடிங்கையும் பார்க்கலாம்.

கடலோரக்காரன்

மண்ணெண்ணெயை விடுங்கள். வி6 இன்னும் கார்னௌபாவுக்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய இன்ஃப்ராரெட் கன் பற்றியும் எனக்குச் சந்தேகம். பளபளவென்று இருக்கிற பரப்பில் அந்தக் கன் தப்பாகத்தான் காட்டும். உண்மையில் 60 கூட இருந்திருக்காது.

வேளச்சேரி வி6

குரோமில் வைத்தால் தப்பாகக் காட்டும். மெருகேற்றிய வெற்று உலோகத்தில் வைத்தால் தப்பாகக் காட்டும். பெயின்ட் பூசிய பரப்பின் உமிழ்திறன், அதாவது வெப்பக் கதிரை வெளிவிடுகிற திறன், 0.9-க்கு மேல், பளபளப்பாக இருந்தாலும் சரி. கன் சரியாகத்தான் காட்டியது. பெட்டியோடு வந்த தாளைப் படித்தாலே இது தெரிந்துவிடும். உங்களிடம் கன் இருக்கிறதா, இல்லை இதுவும் டீசல் இழை மாதிரி கேள்வி ஞானம்தானா?

கடலோரக்காரன்

கன் எதற்கு எனக்கு? நீங்கள் சொன்ன 71-ஐயே வைத்துக்கொள்கிறேன். 71 < 82. நான் ஜெயித்துவிட்டேன். கன் தப்பு என்றாலும் நான் ஜெயித்துவிட்டேன்.

ஒருவரி

இரண்டு பேரும் ஜெயித்தாயிற்று. அந்தப் பையன் வண்டி இன்னும் மங்கலாகத்தான் நிற்கிறது.

புதுஸ்டியரிங்

மூலையில் தேய்த்துப் பார்த்தேன் ஐயா. துணி சாம்பல் நிறமாகத்தான் வந்தது, சிவப்பு இல்லை. கூரையிலும் உரிசல் இல்லை. அப்படியென்றால் கிளியர் கோட் இருக்கிறது, சரிதானே? இப்போது கடையில் இரண்டு டப்பா காட்டுகிறார்கள், ஒன்று 3எம், ஒன்று மெகுவையர்ஸ். எதை எடுக்கட்டும்?

பழைய பத்மினி

சரிதான் தம்பி. சாம்பல் என்றால் அழுக்கு. 3எம் எடு. பட்டறைக்காரன் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கிறான்.

வேளச்சேரி வி6

வாங்கியே தீருவேன் என்றால் மெகுவையர்ஸ். 1901 முதல் மெருகு வேலைதான் செய்கிறார்கள், மரச்சாமான் பாலிஷில் ஆரம்பித்த கம்பெனி. 3எம் காரர்களுக்கு டேப்பும் உப்புத்தாளும்தான் தொழில், இது பக்க வியாபாரம்.

பளபளப்பு (கோவை)

2008-இல் மெகுவையர்ஸை 3எம் வாங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே முதலாளிக்காகச் சண்டை போடுகிறீர்கள்.

தம்பி, பெயரைப் பார்க்காதே. பின்பக்கத்தைத் திருப்பிப் படி. கிளியர் கோட்டுக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருக்கிறதா, கையால் போடலாம் என்று இருக்கிறதா, இவ்வளவுதான். முதலில் நன்றாகக் கழுவிக் காயவிடு. நிழலில், பானெட் ஆறின பிறகு, ஒரு பேனலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. கொஞ்சமாக எடுத்துத் தேய், லேசாக வெளுத்துக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபரால் துடை. கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் ஓரத்திலும் வைப்பர் கீழேயும் பட விடாதே. அந்தச் சொரசொரப்பில் வெள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், பல் துலக்கும் பிரஷை வைத்துத் தேய்த்தாலும் லேசில் போகாது. பெயின்ட் புதிதாக அடித்த பேனல் ஏதாவது இருந்தால் ஓரிரு மாதம் அதன் மேல் போடாதே.

கடலோரக்காரன்

பரவாயில்லையே, செராமிக் வராமல் ஒரு பதிவு! ஆனால் "பானெட் ஆறின பிறகு" என்றால் என்ன பொருள்? சூட்டில் மெழுகு உருகும் என்று சுற்றி வளைத்து வி6-க்கு ஆதரவாகச் சொல்கிறீர்களா?

பளபளப்பு (கோவை)

கரைப்பான் சீக்கிரம் ஆவியாகி மேலே திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும், துடைக்க வராது. உருகுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடலோரக்காரன்

அப்படியானால் உருகாது. இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். உருகாது என்று கடை வைத்திருப்பவரே எழுதிவிட்டார். வி6 இப்போதாவது "ஏமாளி" என்ற சொல்லைத் திரும்பப் பெறுவாரா?

வேளச்சேரி வி6

ஏன் பெற வேண்டும்? சில வாரத்தில் போய்விடுகிற ஒன்றுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுப்பவரை வேறு எப்படி அழைப்பது? உருகிப் போனால் என்ன, கழுவிப் போனால் என்ன, போனது போனதுதான். அதுவும் உங்கள் உப்புக்காற்றில், ஆழ்குழாய்த் தண்ணீரில். தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது என்று படம் போட்டிருந்தீர்களே, அந்த முத்து வெயிலில் காய்ந்தால் உள்ளே இருக்கிற சுண்ணாம்பு அங்கேயே வட்டமாகப் படிந்துவிடும். அதே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது பக்கக் கதவு முழுக்க வெள்ளைப் புள்ளி.

கடலோரக்காரன்

அது கேமரா லென்ஸில் இருந்த தூசி. என் வீட்டுக்கு மாநகராட்சித் தண்ணீர்தான் வருகிறது, ஆழ்குழாய் இல்லை. தெரியாத விஷயத்தில் தலையிட வேண்டாம். "கழுவிப் போனால் என்ன" என்று இப்போது மெதுவாகப் பாதை மாற்றுவதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் எழுதியது "உருகி வழிந்துவிடும்".

ஒருவரி

கதவில் மட்டும் தூசி பிடிக்கிற லென்ஸ் எங்கே கிடைக்கும்?

பழைய பத்மினி

உப்புத் தண்ணீர்ப் புள்ளிக்கும் மண்ணெண்ணெய்...

வேளச்சேரி வி6

ஐயா, உங்கள் காலைத் தொடுகிறேன், மண்ணெண்ணெய் வேண்டாம். சுண்ணாம்புக்கு வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு உடனே நன்றாக அலசினால் போதும்.

கடலோரக்காரன்

வினிகர் போட்டால் மெழுகு போய்விடாதா? ஆக, மெழுகு போவதற்குக் காரணம் வெயில் இல்லை, உங்களைப் போன்றவர்கள் கொடுக்கிற யோசனைதான். அந்த டயர் இழையில் நைட்ரஜன் பற்றி நீங்கள் எழுதியதற்கும் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன், ராத்திரி போடுகிறேன்.