மார்வாரி குதிரைக் குட்டிக்குச் சேணம் எப்போது? அதுவரை தரையில் என்ன பழக்கலாம்?

கரூர்_லாயம்:
வணக்கங்க. ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில வாங்கின மார்வாரி ஆண் குட்டி, இன்னும் காயடிக்கல. உயரம் 58 இன்ச். நெஞ்சுச் சுற்று 152 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம் 138 செ.மீ. விற்றவர் மூணு வயசு, சேணம் ஏறினது, இப்பவே ஓட்டலாம்னு சொன்னார். லாடம் அடிக்கிறவர் வாயைப் பார்த்துட்டு ரெண்டரைக்கு மேல இருக்காதுங்கறார். என் எடை 68 கிலோ. இப்பவே ஏறலாமா, நாலு வயசு வரைக்கும் நிறுத்தி வைக்கணுமா? நிறுத்தி வச்சா அதுவரை சும்மா கட்டிப் போடறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குளம்படி:
முதலில் வயதை உறுதி செய்துகொள்ளுங்கள். முன்வரிசைப் பால்பற்கள் சிறியவை, வெள்ளையானவை, ஈறு அருகே கழுத்து போலக் குறுகியிருக்கும். நிலைப்பற்கள் அகலமானவை, மஞ்சள் சாயல், முன்புறம் நெடுக்குக் கோடு தெரியும். நடு ஜோடி நிலைப்பல் இரண்டரை வயதுவாக்கில் முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரை, ஓர ஜோடி நாலரை. நடு ஜோடி பாதி முளைத்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இன்னும் முட்டாமல் இருந்தால் உங்கள் லாடக்காரர் சொன்னதே சரி.

எடை: நெஞ்சுச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். உங்கள் குட்டிக்கு 268 வருகிறது. நீங்கள் 68, சேணம் 7 என்றால் 75 கிலோ, அதாவது உடல் எடையில் 28 சதவீதம். முழு வளர்ச்சி அடைந்து, உடலும் தேறிய குதிரைக்கே 20 சதவீதம்தான் பொதுவான எல்லை. புதிதாகச் சவாரி பழகும் இளங்குதிரைக்கு 15க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. வயதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இப்போது ஏறக்கூடாது.

இனி எலும்பு. ஒவ்வொரு எலும்பின் முனையிலும் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்புப் பகுதி உண்டு. அது கீழிருந்து மேலாக, வெவ்வேறு காலத்தில் இறுகும். குளம்புக்கு மேலுள்ள சிறு எலும்புகள் ஒரு வயதுக்குள் முடிந்துவிடும். முன்முட்டிக்கு மேலே உள்ள ரேடியஸ் எலும்பின் கீழ்முனைக்கு இரண்டு முதல் இரண்டரை வயது ஆகும். தொடை, தோள், இடுப்பு எலும்புகளுக்கு மூன்று, மூன்றரை, சிலவற்றுக்கு நான்கு. எல்லாவற்றுக்கும் கடைசி முதுகெலும்பு. ஐந்து வயது தாண்டியும் போகும். முட்டி எக்ஸ்ரே எடுத்து 'மூடிவிட்டது, ஏறலாம்' என்று சொல்வதில் இருக்கும் ஓட்டை இதுதான். முட்டி முட்டியைப் பற்றித்தான் சொல்கிறது. சேணம் உட்கார்வது முதுகில்.

ஐந்தரை வயது வரை யாரும் ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிற்றுத் தசையையும் முதுகுத் தசையையும் முன்னதாகவே வளர்த்துவிட்டு, நாலு வயதில் குறைந்த எடையில் குறைந்த நேரம் தொடங்கினால் போதும். ஐஸ்லாந்தில் நாட்டுக் குதிரைகளை நாலு வயதுவாக்கில்தான் சேணத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியிலும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

இடையில் தீவனத்தையும் சொல்லிவிடுகிறேன். தவிட்டை அள்ளிப் போடாதீர்கள். கோதுமைத் தவிடோ அரிசித் தவிடோ, இரண்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டி அதை ஈடுகட்டத் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். முற்றினால் தாடை எலும்பு வீங்கும், கால் நொண்டும். குதிரை மசால் கிடைத்தால் தினமும் கொஞ்சம் கொடுங்கள், அதில் கால்சியம் உண்டு. எது கொடுத்தாலும் வயிறு நிறைய வேண்டியது புல்லால்தான்.

நீள்கயிறு:
குளம்படி டாக்டர் எலும்பைச் சொல்லிட்டார், நான் வேலையைச் சொல்றேன். தம்பி, சும்மா கட்டிப் போடறதுதான் இருக்கிறதிலேயே மோசம். கட்டிப் போட்ட குட்டிக்கு எலும்பும் உறுதிப்படாது, புத்தியும் வராது. பகல்ல திறந்தவெளியில, முடிஞ்சா துணைக்கு இன்னொரு குதிரையோட விடுங்க.

இப்போதிலிருந்து மூணு வயசு வரை ஹால்டரும் (வாயில இரும்பு இல்லாத தலைக்கட்டு) கயிறும் போதும். நடக்கச் சொன்னா நடக்கணும், நிக்கச் சொன்னா நிக்கணும், ரெண்டு விரல் அழுத்தத்துல பின்வாங்கணும். அழுத்தம் கொடுக்கிறது பெரிசில்லை, அது அசைஞ்ச அதே நொடியில விடறதுதான் பாடம். நேரம் கழிச்சு விட்டா, இழுத்துப் பிடிச்சு நிக்கிறதுக்குத்தான் பரிசு கிடைச்சதுன்னு அது நினைச்சுக்கும். நாலு குளம்பையும் தினம் தூக்குங்க, சுத்தியலால மெதுவாத் தட்டுங்க. கட்டும்போது விதர்ஸ் (கழுத்து முடியற இடத்துல தோளுக்கு மேல இருக்கிற மேடு) உயரத்துக்குக் குறையாம, ஒரே இழுப்புல அவிழுற முடிச்சாக் கட்டணும். வளையத்துக்கும் கயிறுக்கும் நடுவுல அறுந்து போற மெல்லிய சணல் ஒண்ணு. தாழ்வாக் கட்டின குட்டி பின்னால இழுத்தா கழுத்துத் தசை கிழியும்.

அடுத்தது பின்பக்கத்தை விலக்கறது. கயிறை லேசா உங்க பக்கம் வளைச்சு, விலாவுக்குப் பின்னால விரலை வச்சா, பின்கால் ஒண்ணுக்கு முன்னால ஒண்ணு குறுக்கே போகணும். ரெண்டு பக்கமும். இதை யாரும் மதிக்கிறதில்ல, ஆனா நாளைக்கு மேல உட்காரும்போது உங்க பிரேக் இதுதான். பின்கால் குறுக்கே போற குதிரையால முதுகை வளைச்சுத் துள்ள முடியாது, பிடிச்சுக்கிட்டு ஓடவும் முடியாது.

லஞ்சிங், அதாவது நீளக் கயித்துல வட்டமா சுத்த விடறது, அளவோட போதும். சின்ன வட்டத்துல சுத்தச் சுத்த உள்பக்கத்துக் கால் மூட்டுல சுமை ஏறும். வட்டம் 18 மீட்டருக்குக் குறைய வேண்டாம். 8 மீட்டர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் உள்ளே சின்ன வட்டமா நடந்தா வந்துடும். ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு நாள். பெரும்பாலும் நடை, கொஞ்சம் துரட்டு (ட்ராட், நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவுல உள்ள ஓட்டம்). நாலுகால் பாய்ச்சல் இப்போ வேண்டாம். ஆத்து மணல் ஆழமா இருந்தா தசைநாண் போயிடும், அஞ்சு ஆறு செ.மீ. போதும். கயிறைக் கையில சுத்திக்கவே கூடாது, மடிச்சுப் பிடிங்க.

அதைவிட நல்லது கையில பிடிச்சுக்கிட்டு வெளியே நேரா நடத்திக் கூட்டிட்டுப் போறது. அரை மணி, முக்கால் மணி. மேடு பள்ளம், வாய்க்கால், பஸ் ஹாரன், மேளம், எல்லாம் பார்க்கட்டும். ஏற்றத்துல நடந்தா பின்தொடையும் முதுகும் தானா வளரும்.

மூணு வயசுக்கு மேல ரோலர் மாதிரி வயிற்றுப்பட்டை. அது பழகினதும் ரெண்டு நீளக் கயிறு. பட்டையோட பக்கத்து வளையம் வழியா ஒவ்வொண்ணும் ஏழெட்டு மீட்டர், முதல்ல ஹால்டர்ல, அப்புறம்தான் கடிவாளத்துல. பின்னாலேயே நடந்து திருப்பறது, நிறுத்தறது, நேரா விடறது. லகான் பாடம் முழுக்க முதுகுல ஒரு கிலோ இல்லாமலே முடிஞ்சிடும். நிக்கிற இடம் முக்கியம்: ஒண்ணு தொடையை ஒட்டி, இல்லாட்டி மூணு மீட்டர் தள்ளி. நடுவுல நின்னா உதை முழு விசையோட வரும்.

பந்தயப்பிரியன்:
எல்லாம் சரி, ஆனால் தரோபிரெட் குதிரைகளுக்கு ஒன்றரை வயதிலேயே சேணம் போட்டு, இரண்டு வயதில் பந்தயத்தில் விடுகிறார்களே? இளமையில் ஓடும் எலும்புதான் உறுதியாகும் என்று கால்நடை ஆய்வாளர்களே சொல்கிறார்கள். நாலு வயது வரை காத்திருப்பது மிகை.

குளம்படி:
நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. வளரும் எலும்புக்கு அசைவும் குறுகிய நேர வேகமும் வேண்டும். அதனால்தான் கட்டிப் போடாதீர்கள் என்கிறோம். ஆனால் எலும்பை உறுதியாக்குவது ஓட்டம், முதுகில் இருக்கும் ஆள் அல்ல. ஓட்டத்தை ஆள் இல்லாமலும் கொடுக்கலாம். பந்தய லாயத்தில் ஏறுபவர் எடை குறைந்தவர், சேணம் சில நூறு கிராம் முதல் ஓரிரு கிலோ, வேலை நேரம் குறைவு, தினமும் காலைத் தடவிப் பார்க்க ஆள் உண்டு. அப்படியிருந்தும் முன்முட்டிக்குக் கீழுள்ள நீள எலும்பின் முன்புறம் வலியெடுப்பது அங்கே இரண்டு வயதுக் குதிரைகளுக்குச் சகஜம். 75 கிலோவோடு தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் போவதை அதோடு ஒப்பிட முடியாது.

கரூர்_லாயம்:
ரொம்ப நன்றிங்க. நாலு வயசு வரை பொறுக்கறேன். மூணு சந்தேகம். சேணத்தை எப்படி அறிமுகப்படுத்தறது? எந்தக் கடிவாளம்? விற்றவர் முள் வச்ச ஒண்ணைக் கூடவே குடுத்தார். அதுவரைக்கும் சின்ன வண்டியில பூட்டலாமா?

நீள்கயிறு:
முள் கடிவாளத்தை எடைக்குப் போட்டுடுங்க. 1965ஆம் வருஷத்து இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே முள் வச்ச கடிவாளத்தைத் தடை செய்யுது. சட்டம் இருக்கட்டும், அதைப் போட்ட குதிரை வலிக்குப் பயந்து தலையை வானத்துக்குத் தூக்கும், தலை தூக்கினா முதுகு குழியும், குழிஞ்ச முதுகுல ஆள் உட்கார்ந்தா முதுகெலும்பு மேல்முனைகள் ஒண்ணோட ஒண்ணு நெருங்கும். இத்தனை நாள் காத்திருந்தது வீண்.

நடுவுல மூட்டும் ரெண்டு பக்கமும் வளையமும் உள்ள சாதாரண ஸ்னாஃபிள் கடிவாளம் போதும். வாய் அகலத்தை அளந்து வாங்குங்க, மெல்லிய கம்பி வேண்டாம். போடறதுக்கு முன்னாடி டாக்டரை வச்சு ஓநாய்ப்பல் இருக்கான்னு பாருங்க. மேல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால இருக்கிற சின்னப் பல் அது, கடிவாளம் பட்டா குத்தும், எடுத்துடலாம். இன்னொண்ணு, ரெண்டரையிலிருந்து நாலு வரைக்கும் கடைவாய்ப் பால்பல் ஒவ்வொண்ணாக் கழலும். நேத்து வரை கடிவாளத்தை வாங்கினது இன்னைக்குத் தலையை உதறினா திமிர்னு நினைக்காம வாயைத் திறந்து பாருங்க.

சேணம்: முதல்ல வெறும் துணி, அப்புறம் அங்கவடி இல்லாத சேணம், அப்புறம் அங்கவடி தொங்க விட்டு. வயிற்று வாரை ஒரே தடவையில இறுக்காதீங்க. ஒரு துளை இறுக்கி, பத்தடி நடத்தி, மறுபடி ஒரு துளை. அவசரப்பட்டு இறுக்கின குதிரைதான் வாழ்நாள் முழுக்க வாரைப் பார்த்தாலே காதை மடக்கும், வயிறை ஊதும். இந்த வயசுல பின்பக்கம் விதர்ஸைவிட உயர்ந்திருக்கும், சேணம் முன்னால தோள் மேல சறுக்கும். பின்முனை கடைசி விலாவைத் தாண்டக்கூடாது. மார்வாரிக்கு விதர்ஸ் உயரம், ஒடுக்கம், அதனால உட்கார்ந்த பிறகும் நடு இடைவெளியில ரெண்டு மூணு விரல் போகணும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை திரும்பப் பாருங்க, முதுகு மாறிக்கிட்டே இருக்கும்.

வண்டி மூணு வயசுக்கு முன்னாடி வேண்டாம். அதுக்கப்புறமும் நீளக்கயிறு சுத்தமா வந்த பிறகு, முதல்ல லேசான டயரை இழுக்கப் பழக்கி, பிறகு காலி வண்டி, மண் பாதையில, நடையில. ரேக்ளா வேகம் தார் ரோட்டுல கேக்கவே வேண்டாம்.

ஏறும் நாளுக்கு உங்களைவிட லேசான ஆளைப் பாருங்க. நாலு வயசுல குட்டி 350 கிலோ வந்தாலும் உங்களுக்கு 21 சதவீதம் ஆகுது. 50 கிலோ ஆள்னா சேணத்தோட 16 சொச்சம். ஒருத்தர் தலைப்பக்கம் கயிறைத் தளர்வாப் பிடிச்சு நிக்கணும், மரத்துல கட்டக்கூடாது. தரையிலிருந்து அங்கவடியில தொத்தி ஏறினா சேணம் முதுகைத் திருகும், அதனால முக்காலி வச்சுக்கங்க. முதல் சில நாள் வயிறு குறுக்கே படுத்து இறங்கறது மட்டும், ரெண்டு பக்கமும். மூச்சைப் பிடிச்சு விறைச்சு நின்னா அன்னைக்கு அதோட விட்டுடுங்க. உதட்டை மெல்லுச்சுன்னா, தலை தாழ்ந்துச்சுன்னா அடுத்த கட்டம். காலைப் போட்டு உட்கார்ந்த பிறகு அஞ்சு பத்து நிமிஷம் நடை, வாரத்துக்கு மூணு நாள். துரட்டு ரெண்டு மாசம் கழிச்சு. பாய்ச்சல் அஞ்சு வயசுக்குப் பக்கத்துல. ரேவால் நடை (மார்வாரிக்கு இயல்பா வர்ற, குலுங்காத நடை) ரத்தத்துல இருந்தா தானா வரும், லகானை இழுத்து வரவழைக்க வேண்டாம்.

குளம்படி:
அதற்குள் டெட்டனஸ் ஊசி, குடற்புழு மருந்து இரண்டையும் முடித்துவிடுங்கள். குதிரை இன்னும் காயடிக்காதது என்றால், அதையும் சேணத்துக்கு முன் முடிவு செய்வது நல்லது. பெட்டைக் குதிரைகள் அருகில் இருக்கும் லாயத்தில் பொலிக்குதிரைக்கு முதல் சவாரி பழக்குவது இரட்டை வேலை. காயடித்தால் வீக்கம் வடிய நடை தேவைப்படும், கையில் பிடித்து நடத்தும் பழக்கம் அங்கேயும் உதவும்.