சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும் கார் பாலிஷ், மெழுகு வகைகளை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி – அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையில்தான் கார் ஷாம்பூ, பாலிஷ், மெழுகு, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, திறந்து பாதி பயன்படுத்திய செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) ஆகியவற்றை வைத்திருந்தேன். கத்திரி வெயில் முடிந்து திறந்து பார்த்தபோது, பாலிஷ் மேலே எண்ணெயும் கீழே மண்டியுமாகப் பிரிந்திருந்தது. மெழுகு சுருங்கி, டப்பாவின் ஓரத்தை விட்டு வெடித்திருந்தது. வேலை நிமித்தமாக விரைவில் ஏற்காட்டுக்குக் குடிபெயர்கிறேன். மார்கழிக் குளிரில் மீதமுள்ளவையும் உறைந்து கெட்டுவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. எவற்றைக் கொண்டுபோகலாம்?

பதில் – சூரமங்கலம், கார் பாலிஷ் கடை நடத்துபவர்

பாலிஷ் என்பது எண்ணெய், நீர், மிக நுண்ணிய தேய்ப்புத்தூள் ஆகியவை ஒன்றாகக் கலந்து நிற்கும் கலவை. தொடர்ந்து வெப்பம் பட்டால் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடும். நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். பழையபடி ஒன்றாக நின்றால் பயன்படுத்தலாம். திப்பி திப்பியாக இருந்தால் பெயிண்டில் கீறல் விழும் என்பதால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். மெழுகு வெடித்தது வெயிலில் உருகியதால் அல்ல. கார் மெழுகில் சேர்க்கும் கார்னோபா என்ற பனை இலை மெழுகு உருகுவதற்கே 80 டிகிரிக்கு மேல் வேண்டும். மூடி இறுகாமல் இருந்து, அதில் கலந்துள்ள கரைப்பான் ஆவியாகிப் போனதே காரணம்.

எனக்குப் பெரிய கவலை அந்த ஸ்ப்ரே டப்பாதான். 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதீர்கள் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும் நாளில் தகரக் கூரையை ஒட்டிய பரணும், வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமும் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் ஓர் அலமாரி போதும். மாடிப்படிக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் அங்கே வைக்கிறார்கள். ஆனால் இன்வெர்ட்டரும் பேட்டரியும் அங்கே இருந்தால், ஸ்ப்ரே, தின்னர், துடைக்கப் பயன்படும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஆகிய மூன்றையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த ஆல்கஹாலின் ஆவி ஏறத்தாழ 12 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது.

பதில் – ஏற்காடு, ஒண்டிக்கடை அருகே வசிப்பவர்

உறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம், ஐயா. நீர் கலந்த பொருட்கள் உறைய வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும்; ஊட்டியைப் போன்ற உறைபனி இங்கே வழக்கமில்லை. குளிர்ந்த காலையில் மெழுகு சற்று இறுகும், அவ்வளவுதான்.

இங்கே எதிரி ஈரப்பதம். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். செராமிக் கோட்டிங் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும் பொருள் என்பதால், திறந்த புட்டியை இங்கே கொண்டுவந்து சேமிக்க முயல்வது வீண். படிகமாக உறைந்திருந்தால் அதைக் காரில் தேய்க்கவே கூடாது. மைக்ரோஃபைபர் துணிகளை முழுக்கக் காயவைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்துடன் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை நாற்றம் போகாது.

இன்னொன்று: 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வரும்போது காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கீழே இறுக மூடிய பிளாஸ்டிக் புட்டிகள் உப்பி, ஸ்ப்ரே முனை வழியாகக் கசியும். புட்டியை லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடி, வாளியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.

பதில் – அம்மாபேட்டை வாசகி

குடிபெயரும்போது எதையும் குடிநீர்ப் புட்டியில் மாற்றி ஊற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடுவார்கள். அமிலம் கலந்த வீல் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலிஷைக் குலுக்கி வைத்தேன். மறுநாள் காலைவரை பிரியவில்லை. செராமிக் புட்டியின் அடியில் படிகம் தெரிந்ததால் அதை ஒதுக்கிவிட்டேன். பிரேக் கிளீனரை இன்றே கீழ்த்தள அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.